பீவர் அணை இருக்கற ஆத்துல கனூ ட்ரிப், கோத்தகிரில இருந்தே என்னென்ன ரெடி பண்ணலாம்?

கேத்தரின்_சாரல்:

வணக்கம் மக்களே. செப்டம்பர் நடுவுல கனடா போறேன், அக்கா வீடு மிசிசாகால இருக்கு. மாமாவுக்கு ரொம்ப வருஷமா ஒரே ஆசை, அல்கான்குவின்ங்கற காட்டுப் பார்க்ல கனூ (துடுப்பு போடற ஒடுக்கமான சின்ன படகு) எடுத்துட்டு ஆத்து வழியாவே காட்டுக்குள்ள போயி டென்ட் அடிச்சு தங்கணும்னு, இப்ப நான் வர்றேன்னதும் துணைக்கு ஆள் கெடச்சுதுன்னு பிளானே போட்டுட்டாரு. டிம் ஆறுன்னு ஒண்ணாம். கீர்னிங்கற சின்ன ஊர் வழியா கார்ல போயி அங்க தண்ணில எறங்கி, டிம் ஏரி தாண்டி ரோஸ்பரி ஏரி வரைக்கும் ஆத்தோடயே போயிட்டு அதே வழில திரும்பறது. நான், மாமா, அக்கா பையன் (13 வயசு), மூணு பேரும் ஒரே கனூ. மூணு நாள், ரெண்டு ராத்திரி.

மேப்ல பாத்தா தூரம் பெருசா தெரியல, மொத நாளே ரோஸ்பரி போயிடலாம்னு மாமா அடிச்சு சொல்றாரு. ஆனா நான் படிச்ச வரைக்கும் அந்த ஆறு பூரா பீவர்ங்கற மிருகம் குச்சியும் சேறும் போட்டு அணை கட்டி வச்சிருக்காம், ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி கனூவ தாண்ட வைக்கணுமாம். அது எவ்ளோ நேரம் புடிக்கும்? அணைய லேசா பிரிச்சு விட்டுட்டு நடுவுல போகலாமா, இல்ல மேல தான் இழுக்கணுமா? பீவர் கடிக்குமா?

இன்னொண்ணு, எனக்கு நீச்சல் தெரியாது. மலைல பொறந்த நெறைய பேருக்கு தெரியாது, இந்த குளிர்ல எங்க போயி கத்துக்கறது. ஊட்டி லேக்ல நாலஞ்சு வாரம் துடுப்பு போட்டு பழகினா போதுமா? அங்க போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

மசினகுடி_மச்சான்:

அவ்ளோ டிக்கெட் போட்டு எதுக்கு தல, நம்ம மாயாறு இருக்கே, தெப்பக்காட்டுல எறங்கினா தெங்குமரஹாடால ஏறிக்கலாம் 😀 ஜோக்கு தான், யாரும் டிரை பண்ணிடாதீங்க. முதுமலை புலிகள் காப்பகம், நடுவுல அருவியும் பள்ளத்தாக்கும், தண்ணில முதலை, கரைல யானை, இதெல்லாம் தப்பிச்சு வந்தா ஃபாரஸ்ட் காரங்க கேஸ் போட்டு உள்ள வச்சிடுவாங்க. தெங்குமரஹாடா ஊர்க்காரங்க பரிசல்ல ஆத்த தாண்டறாங்கன்னா அவங்களுக்கு வேற வழி இல்லாம தாண்டறாங்க.

அப்புறம் பீவர் பாக்க கனடா எதுக்கு, மாயாத்துலயே இருக்கே. கூட்டமா நீந்திட்டு மீன் புடிக்கறத நானே பாத்திருக்கேன். அணை கட்டி தான் பாத்ததில்ல.

நீர்நாய்_ரசிகன்:

மச்சான் நீங்க பாத்தது நீர்நாய். மாயாறு, பவானி ரெண்டுலயும் இருக்கு, குடும்பமா தான் சுத்தும். பீவர் இந்தியாவுலயே கெடையாது. அது எலி, அணில் வகையறா, கொறிக்கற சாதி, உலகத்துல கேப்பிபாராவுக்கு அடுத்த பெரிய கொறிணி அதுதான், நல்லா வளந்தது 20 கிலோவுக்கு மேல நிக்கும். மீன தொடவே தொடாது, முழு சைவம். ஆஸ்பென், வில்லோ, ஆல்டர் மாதிரி மரத்தோட பட்டை, தண்ணில வளர்ற அல்லித்தண்டு, இதுதான் சாப்பாடு. பல்லுல இரும்புச்சத்து இருக்கறதால முன்பல்லு ஆரஞ்சு கலர்ல இருக்கும், பாத்தா வெத்தலை போட்ட மாதிரி.

அணை ஏன் கட்டுதுன்னா, அதோட வீட்டுக்கு வாசல் தண்ணிக்கு அடில. தண்ணி கொறஞ்சா வாசல் வெளில தெரியும், ஓநாய் வந்துடும். குளிர்காலத்துல மேல பூரா ஐஸ் கட்டிடும், அப்ப அடில நீந்திப் போயி முன்னாடியே சேத்து வச்ச குச்சிய எடுத்து திங்கணும், அதுக்கும் ஆழம் வேணும். அதனால தண்ணி ஓடற சத்தம் கேட்டாலே அதுக்கு பொறுக்காது. ஆராய்ச்சிக்காரங்க ஸ்பீக்கர்ல வெறும் தண்ணி சத்தத்த போட்டப்ப கூட ஓட்டையே இல்லாத எடத்துல சேத்த அப்பி வச்சிருக்கு. நீங்க சாயங்காலம் பிரிச்சு விட்டா விடியறதுக்குள்ள அடைச்சிடும், போகும்போது பண்ணின வழி வரும்போது இருக்காது.

அதுக்கு மேல, அந்த பார்க் இருக்கற ஒன்டாரியோ மாகாணத்துல 1997 வனவிலங்கு சட்டப்படி லைசென்ஸ் இல்லாம பீவர் அணைய கலைக்கறதே குத்தம். அவங்க 5 சென்ட் காசுல 1937ல இருந்து பீவர் படம் தான் போடறாங்க, அவ்ளோ மரியாதை. அந்த மரியாதை லேட்டா வந்தது, அதுக்கு முன்னாடி தொப்பி செய்யறதுக்காக தோல உரிச்சு உரிச்சு பாதி கண்டத்துல இல்லாமலே பண்ணிட்டாங்க.

கடிக்குமான்னு கேட்டீங்க. தானா தேடி வராது. வாலால தண்ணில பளார்னு ஒரு அடி அடிச்சிட்டு முங்கிடும், ராத்திரி டென்ட்ல படுத்திருக்கும்போது கேட்டா யாரோ பாறாங்கல்லை ஏரிக்குள்ள போட்டாப்ல இருக்குமாம். கிட்ட போயி செல்ஃபி எடுக்கறேன்னு மடக்கினா எந்த மிருகமும் கடிக்கத்தான் செய்யும்.

டொரண்டோ_குன்னூரான்:

தம்பி நான் குன்னூர் தான், இப்ப டொரண்டோ பக்கம். டிம் ஆறு போயிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க, ஏன்னா உங்க மாமா போட்ட கணக்குல அடிப்படையே இடிக்குது.

மொதல்ல எல்லாரும் பீவர் அணைய தொல்லைன்னு நெனைக்கறாங்க, செப்டம்பர்ல அது தான் உங்கள காப்பாத்தப் போவுது. வசந்தகாலத்துல ஐஸ் உருகி ஆறு நெறஞ்சு போகும், அணை எல்லாம் முங்கி கெடக்கும், மேலயே மெதந்து போயிடலாம், ஆனா மே கடைசி ஜூன்ல கருப்பு ஈயும் கொசுவும் மூஞ்சிய கொதறிடும். செப்டம்பர்ல பூச்சி இல்ல, கூட்டம் இல்ல, இலை கலர் மாற ஆரம்பிக்கும், ஆனா தண்ணி வத்திடும். அப்ப ஆத்துல எங்க தண்ணி நிக்கும்னா பீவர் மறிச்சு வச்ச எடத்துல தான். அணைக்கு மேல்பக்கம் ஜாலியா துடுப்பு போடலாம், அணையத் தாண்டி கீழ எறங்கினதும் தான் தரை தட்டும், சில எடத்துல எறங்கி கணுக்கால் தண்ணில கனூவ கயிறு கட்டி நடந்தே இழுத்துட்டு போகணும். அதனால பயப்பட வேண்டியது அணை இருக்கற எடத்துக்கு இல்ல, அணை ஒடஞ்சு போன எடத்துக்கு. அங்க குளம் வடிஞ்சு வெறும் சேறு தான் இருக்கும், கால வச்சா முட்டி வரைக்கும் உள்ள இழுக்கும், கனூ மெதக்கவும் செய்யாது நம்மளால நடக்கவும் முடியாது. நம்ம ஊட்டி லேக் (1824), கொடை லேக் (1863) ரெண்டும் வெள்ளக்காரங்க ஓடைய மறிச்சு கட்டினது தானே, மதக தொறந்து விட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஒவ்வொரு அணையும் தாண்ட அஞ்சு நிமிஷத்துல இருந்து கால் மணி நேரம். ரெண்டு பேரு கை பழகிட்டா சீக்கிரம் ஆயிடும். கனூவ அணைக்கு பக்கவாட்டுல ஒட்டி நிறுத்துங்க, துடுப்பால குத்திப் பாத்துட்டு கெட்டியா இருக்கற எடத்துல, குச்சி மேல கால வைங்க. அணைக்கு மேல்பக்கம் இருக்கற சேத்துல வைக்காதீங்க, கீழ்பக்கம் தண்ணிக்குள்ள கூர்மையா பல்லு வெட்டின குச்சி ஈட்டி மாதிரி நிக்கும், அங்கயும் குதிக்காதீங்க. ரெண்டு பேரும் மேல ஏறினப்புறம் மூக்க திருப்பி, தண்ணி வழிஞ்சு ஓடற பள்ளமான எடம் பாத்து இழுத்தா வழுக்கிட்டு போயிடும். ஈரமா இருக்கற எடத்துல ஒராய்வு கம்மி. வெறுங்கால், செருப்பு ரெண்டும் கூடாது, விரல் மூடின பழைய கேன்வாஸ் ஷூ போதும், நாள் பூரா நனஞ்சே தான் இருக்கும், ராத்திரிக்கு காஞ்ச ஜோடி தனியா வச்சுக்கோங்க.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. போகும்போது ஆறு உங்கள கீழ்ப்பக்கமா கொண்டு போகுது, அணைல மேல இருந்து கீழ சரிக்கறீங்க. திரும்பும்போது அதே அணைங்க எல்லாத்துலயும் கீழ இருந்து மேல ஏத்தணும், சாமானோட. மூணாவது நாள் களைச்சு போயி வரும்போது தான் கஷ்டமான பாதி வருது. மாமா அத கணக்குலயே எடுக்கலைன்னு நெனைக்கறேன்.

வேகம்: ஏரில சாதாரணமா மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். இந்த ஆத்துல அதுல பாதி போட்டுக்கோங்க. ஆறு நேரா போகாது, குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ட விட வளைவு, கரை ரெண்டு பக்கமும் ஆல்டர் புதர் தண்ணிக்கு மேல சாஞ்சு கெடக்கும், ஒவ்வொரு வளைவுலயும் மூக்கு அதுல போயி சொருகும். மூணு பேரு, நாலு பை ஏத்தின கனூ வேற, அடி தாழ்ந்து போகும், ரெண்டு பேரு போற கனூ சுலபமா தாண்டற எடத்துல உங்களுது தட்டும்.

கனூ வாடகைக்கு எடுக்கும்போது ரெண்டு வகை சொல்லுவாங்க. கெவ்லார்ங்கற லேசான நார்ல செஞ்சது 20 கிலோ பக்கம் வரும், தோள்ல தூக்கிட்டு போர்ட்டேஜ் பாதைல (தண்ணில போக முடியாத எடத்துல கனூவ தூக்கிட்டு கரைல நடக்கற பாதை) நடக்க சொகம், ஆனா குச்சி மேல, கல்லு மேல இழுத்தா கீறல் விழும், அதுக்கு காசு புடிச்சிருவாங்க. பிளாஸ்டிக் வகை 30 கிலோ தாண்டும், அடி வாங்கும், தூக்கறது தான் சாவு. டிம் ஆத்துல போர்ட்டேஜ் சின்ன சின்னது தான், இழுக்கறது தான் நெறைய, அதனால என் ஓட்டு கனத்த கனூவுக்கு. டொரண்டோ நண்பருங்க சில பேரு கெவ்லார் தான் எடுக்கணும்னு சண்டைக்கு வருவாங்க, அவங்க ஏரி ஏரியா தாவறவங்க, அவங்க கணக்கு வேற.

கொடை_ஏரிக்கரை:

பிராக்டிஸ் பத்தி மட்டும் நான் சொல்றேன். ஊட்டி லேக்லயும் எங்க கொடை ஏரிலயும் வாடகைக்கு கெடைக்கறது பெடல் போட்டும் துடுப்பு போட்டும். அந்த துடுப்பு போட்டுல நீங்க போற தெசைக்கு முதுக காட்டி ஒக்காந்து, படகுல மாட்டின ரெண்டு துடுப்ப இழுக்கறீங்க. கனூவுல முன்னாடி பாத்து ஒக்காந்து, கைல ஒத்தத் துடுப்ப புடிச்சு ஒரு பக்கம் மட்டும் போடறது. அதுல பழகினது இதுக்கு ஒதவாது, தண்ணி பயம் வேணா போகும். பைக்காரா போனா மோட்டார் போட்டு. பேரிஜம் ஏரிக்கு ஃபாரஸ்ட் பாஸ் வாங்கி பாத்துட்டு வரலாம், படகே கெடையாது. அவலாஞ்சி, எமரால்டு எல்லாம் மின்வாரிய அணை, அங்க நீங்களா ரப்பர் போட்டு ஊதிட்டு எறங்கற ஐடியா இருந்தா விட்ருங்க.

அந்த காசுக்கும் நேரத்துக்கும் மேட்டுப்பாளையமோ கோயமுத்தூரோ எறங்கி நீச்சல் கத்துக்கோங்க. சாம்பியன் ஆக வேண்டாம், தண்ணில விழுந்தா மூச்ச புடிச்சு மல்லாக்க மெதக்க தெரிஞ்சா போதும். துடுப்பு போடறத மாமாவே டிம் ஏரில அரை நாள்ல சொல்லிக் குடுத்துடுவாரு.

ஒடம்புக்கு: 20 கிலோ அரிசி மூட்டைய முதுகுப் பைல போட்டு கட்டிட்டு எஸ்டேட் ஒத்தையடிப் பாதைல ஏறி எறங்குங்க, மழை பேஞ்சு வழுக்கற அன்னைக்கு கட்டாயம் போங்க. கோத்தகிரிக்காரருக்கு இதுக்கு கோச் தேவையில்ல.

கேத்தரின்_சாரல்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். குன்னூர் அண்ணா எழுதினத மாமாவுக்கு அனுப்பினேன், மேல ஏத்தற விஷயத்த படிச்சிட்டு கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் “சரி அப்ப நாலு நாள் போடலாம்”னு வந்துச்சு 😀

நீச்சலுக்கு மேட்டுப்பாளையத்துல விசாரிச்சிட்டேன், ஞாயித்துக்கெழம போறேன். குளிர் எப்படி இருக்கும்ங்கண்ணா, நம்ம ஊரு ஸ்வெட்டர் தாங்குமா? தண்ணி குடிக்கறதுக்கு தூக்கிட்டு போகணுமா, ஆத்துல இருக்கறதே போதுமா? பெர்மிட் பத்தியும் சொல்லுங்க, ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கற மாதிரி ரெண்டு நிமிஷ வேலையா?

அருவங்காடு_அக்கா:

நானும் வீட்டுக்காரரும் பசங்களோட அல்கான்குவின்ல கனூ போயிருக்கோம், இந்த ஆறு இல்ல, ஏரிப் பக்கம். என் யோசனை வேற தம்பி. மொத தடவை போறவங்க, நீச்சல் தெரியாத ஒருத்தர், 13 வயசு பையன், இந்த கூட்டத்துக்கு ரோஸ்பரி எதுக்கு? டிம் ஏரிலயே டென்ட போட்டு ரெண்டு மூணு ராத்திரியும் அங்கயே இருங்க. காலைல சாமான் எதுவும் இல்லாம காலி கனூவுல ஆத்துல எறங்கி, நாலஞ்சு அணை தாண்டி, பையன் போதும்ங்கற எடத்துல திரும்பி வாங்க. பீவர் பாக்கறதுக்கும் அதுதான் நல்லது, அது பகல்ல தூங்கும், பொழுது சாயற நேரத்துல தான் வெளிய வரும், அந்த நேரம் நீங்க டென்ட் அடிக்க எடம் தேடிட்டு இருந்தா எங்க பாக்கறது. தூரம் போயிட்டு வந்தோம்னு சொல்லிக்கறது ஆம்பளைங்களுக்கு ஒரு வியாதி.

பெர்மிட் இ-பாஸ் மாதிரி கெடையாது. எந்த ராத்திரி எந்த ஏரின்னு சொல்லி ஒவ்வொரு ராத்திரிக்கும் புக் பண்ணணும், 5 மாசம் முன்னாடியே தொறந்துடுவாங்க. செப்டம்பர்ல வார நாள்னா கெடச்சிடும், சனி ஞாயிறு சேத்து போனா கஷ்டம். ஏரிய தான் புக் பண்றீங்க, அதுல எந்த எடம்ங்கறது மொதல்ல போறவங்களுக்கு. டென்ட் எடத்துக்கு ஆரஞ்சு போர்டு, போர்ட்டேஜுக்கு மஞ்சள் போர்டு இருக்கும். கக்கூஸ்னு காட்டுக்குள்ள ஓட்டை போட்ட ஒரு மரப்பொட்டி இருக்கும், செவுரும் இல்ல கூரையும் இல்ல, அக்கா பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

டொரண்டோ_குன்னூரான்:

அக்கா சொல்றதுல பாதிய ஒத்துக்கறேன். டிம் ஏரில தங்கறது நல்ல யோசனை, நாலு நாளும் அங்கயேன்னா மாமா ஏத்துக்க மாட்டாரு. நடுவுல ஒண்ணு சொல்றேன்: மொத ராத்திரி டிம் ஏரி, ரெண்டாவது ராத்திரி ரோஸ்பரி, மூணாவது ராத்திரி திரும்பவும் டிம் ஏரி. ஏத்தற நாளுக்குன்னு ஒரு முழு நாள் ஒதுக்கின மாதிரி ஆச்சு, ஏரிலயும் ரெண்டு சாயங்காலம் கெடைக்குது. ரெண்டாவது நாள் காலைல எழுந்ததும் தண்ணி அளவ பாருங்க. ஏரிய விட்டு ஆத்துல நுழஞ்ச மொத அரை மணி நேரத்துலயே எறங்கி எறங்கி இழுக்க வேண்டி இருந்தா மேல போகாதீங்க, அக்கா பிளானுக்கு வந்துடுங்க. அணைல புது சேறு, பச்சைக் குச்சி தெரிஞ்சா பீவர் அங்க குடியிருக்குன்னு அர்த்தம், பின்னாடி தண்ணி நிக்கும். சாம்பக் கலர் குச்சி, மேல புல்லு மொளச்சிருந்தா பழசு, எப்ப வேணா ஒடஞ்சிருக்கலாம்.

ராத்திரி குளிர் அஞ்சு டிகிரிக்கும் கீழ எறங்கலாம், சில நாள் உறைபனியே விழும். தலைகுந்தால ஜனவரில நின்னு பழகின ஒடம்புக்கு காத்து குளிர் பெருசில்ல, நனஞ்ச குளிர் தான் ஆளை சாய்க்கும். பருத்தித் துணி வேண்டாம், நனஞ்சா காயாது. கம்பளி ஸ்வெட்டர் தாராளமா தாங்கும், ரெண்டு எடுத்துட்டு வாங்க, ஒண்ண பிளாஸ்டிக் கவர்ல கட்டி டென்ட்ல மட்டும் போடுங்க. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு கனூவுல இருக்கணும்ங்கறது சட்டம், கூடவே விசில், தண்ணி மொண்டு கொட்ட ஒரு டப்பா, 15 மீட்டர் மெதக்கற கயிறு. இருந்தா போதாது, நீங்க மூணு பேரும் மாட்டியே இருக்கணும், ஆத்துல முட்டி ஆழம் தான்னு கழட்டி வைக்கற ஆளுங்க ஏரில காத்து ஏறினதும் மாட்ட நேரம் இல்லாம முழிப்பாங்க. ஏரிய காலைலயே தாண்டிடுங்க, மத்தியானத்துக்கு மேல அலை எழும்பும்.

தண்ணி தூக்கிட்டு போக வேண்டாம், ஆனா அப்படியே குடிக்காதீங்க. பார்க்க பளிங்கு மாதிரி இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கும், அதுக்கு அங்க பீவர் காய்ச்சல்னே பேரு, வந்தா வாரக்கணக்குல வயித்தால போகும். ஃபில்டர் வாங்கச் சொல்லுங்க, இல்லனா நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு குடிங்க. அணை குளத்துல அட்டையும் உண்டு, நம்ம ஊர்ல மாதிரி புல்லுல இருந்து தாவாது, தண்ணிக்குள்ள தான்.

மசினகுடி_மச்சான்:

நீர்நாய் விஷயத்துக்கு நன்றி ரசிகன், இனிமே கரெக்டா சொல்றேன். கரடி பத்தி யாருமே பேசலையே? நம்ம ஊர்ல டீ எஸ்டேட்டுக்குள்ள, பேக்கரிக்குள்ள எல்லாம் கரடி வருது, அங்க டென்ட்ல படுத்திருக்கறவங்க கதி?

டொரண்டோ_குன்னூரான்:

அங்க இருக்கறது அமெரிக்க கருங்கரடி, நம்ம கரடி மாதிரி திடீர்னு பாத்தா பாஞ்சு மூஞ்சிய புடிக்கற குணம் கம்மி. அதுக்கு வேண்டியது சாப்பாடு. எல்லா சாப்பாடும், டூத்பேஸ்ட், சோப்பு உட்பட, ஒரே பைல போட்டு டென்ட்ட விட்டு தள்ளி ஒரு மரக்கிளைல 4 மீட்டர் உயரத்துக்கு, அடிமரத்த விட்டும் தள்ளியே இருக்கற மாதிரி கயிறு போட்டு தொங்க விடணும், டென்ட்ல ஒரு பிஸ்கட் கூட இருக்கக்கூடாது. எனக்கு கரடிய விட மூஸ்ங்கற பெரிய மான் மேல தான் பயம், செப்டம்பர் கடைசில அதுக்கு இணை தேடற காலம், ஆண் மூஸ் கரைல நின்னா வேடிக்கை பாக்க கிட்ட போகாதீங்க, ஆறு குறுகல், திருப்பறதுக்கு எடம் இருக்காது.

கேத்தரின்_சாரல்:

சூப்பருங்கண்ணா, நீங்க சொன்ன நாலு நாள் பிளானையே மாமாகிட்ட சொல்லிட்டேன், டிம் ஏரிக்கு ரெண்டு ராத்திரியும் ரோஸ்பரிக்கு ஒரு ராத்திரியும் பாக்கறாரு. கடைசியா ஒண்ணு, அம்மா ஊறுகாய், தக்காளி தொக்கு, கருவாடு எல்லாம் குடுத்து விடறேன்னு நிக்கறாங்க. கொண்டு போகலாமா?

அருவங்காடு_அக்கா:

கருவாடு வேண்டவே வேண்டாம் தம்பி, கரடிக்கு பத்திரிகை வச்சு கூப்பிடறதுக்கு சமம். அல்கான்குவின் உள்காட்டுல கண்ணாடி பாட்டில், தகர டின் ரெண்டும் தடை, அதனால ஊறுகாய், தொக்கு எதுவா இருந்தாலும் அக்கா வீட்டுல வச்சே ஜிப் கவருக்கு மாத்திடுங்க, ரெண்டு கவர் போட்டு. வறுத்த ரவை, அவல், பருப்புப் பொடி, அப்பளம் போதும், ஒரே சட்டில வேல முடியற சாப்பாடா பாருங்க. அடுப்பு கட்டாயம் எடுத்துக்கோங்க, மழை பேஞ்சா வெறகு பத்தாது. கரைல பீவர் பட்டை உரிச்சு போட்ட குச்சி காஞ்சு கெடந்தா நல்லா எரியும், பொறுக்கிக்கலாம், அணைல இருந்தும் அதோட வீட்டுல இருந்தும் உருவாதீங்க.